நாவல்பழ ஒயினைக் கூரியரில் அனுப்பலாமா?

'எங்களுக்கு இருபது நாவல் மரங்கள் உள்ளன. பழத்தைப் பறித்துக் கீழே இறக்கினால் வண்டி வாடகைக்கே கட்டவில்லை. வீட்டிலேயே ஒயின் போடக் கற்றுக்கொண்டோம். பெங்களூரில் கேட்கிறார்கள். கூரியரில் அனுப்பலாமா?' என்று கல்வராயன் மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பதே குற்றம்.

நமது அரசியலமைப்பில் மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாவற்றுக்கும் அந்தந்த மாநிலச் சட்டம்தான். இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாட்டில் எல்லை தாண்டினால் கர்நாடகச் சட்டமும் குறுக்கே வரும். திராட்சை ஒயினுக்கென 2001-ல் தனிக் கொள்கை வகுத்த மகாராஷ்டிராவிலும் உரிமம் கட்டாயம்.

'ஒடிசாவிலும் மேற்கு வங்கத்திலும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே?' எனலாம். 2020 ஊரடங்கில் அந்த மாநிலங்கள் அனுமதித்தது உரிமம் பெற்ற கடைகளின் சரக்கை மட்டுமே. அமெரிக்காவிலும் இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்மாநில ஒயின் ஆலைக்குக் கொடுக்கும் நேரடி விற்பனை அனுமதியை வெளிமாநில ஆலைக்கு மறுக்கக் கூடாது என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. அங்கும் உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது.

நம் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் பழச்சாறும் அந்த விஷமும் ஒன்றல்ல. ஆனால் மூடிய பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மணத்தாலோ ருசியாலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்கவும் முடியாது. உரிமமும் பரிசோதனையும் அதற்காகத்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு.

பழத்தை வீணாக்க வேண்டாம். ஸ்குவாஷ் போடுங்கள். நன்கு பழுத்த பழத்தை அலசி, கொட்டை நீக்கி, சாறு வடிகட்டுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 1.75 கிலோ சர்க்கரை, 20 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பாகு காய்ச்சுங்கள். ஆறியதும் 1 லிட்டர் சாற்றைக் கலந்து, சிறிது வெந்நீரில் கரைத்த 2 கிராம் சோடியம் பென்சோயேட்டைச் சேருங்கள். மெட்டாபைசல்பைட் வேண்டாம், நாவலின் நிறத்தை வெளுத்துவிடும். கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் அடையுங்கள். கொட்டையைக் காயவைத்துப் பொடியாக்கலாம்.

வினிகர் எண்ணம் இருந்தால் முதலில் மதுவிலக்குப் பிரிவில் கேளுங்கள். பழச்சாறு ஆல்கஹாலாக மாறிய பிறகே வினிகராகும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, லேபிளை விதிப்படி அச்சிட்டால், ஸ்குவாஷ் பாட்டிலைப் பெங்களூருக்குத் தாராளமாக அனுப்பலாம். எந்தச் சோதனைச்சாவடியிலும் பயப்பட வேண்டியதில்லை.