எல்லைக்கல்லும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருக்கிறது மண்ணூர். கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் இரவு பகல் பாராமல் ஓடும் வட்டாரம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கினார்கள்.

நிலத்தின் விலை மாறியபோது நிலத் தகராறின் குணமும் மாறிப்போனது. முன்பு அரை அடி வரப்புக்காகச் சண்டை போட்ட பங்காளிகள், மறுநாள் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே சண்டைக்கு ஓர் எல்லை போட்டது. இன்று எதிரில் நிற்பவர் யாரென்றே தெரியாது. பவர் பத்திரத்தோடு ஒருவர் வருகிறார், கூடவே ஜே.சி.பி.யும் பத்து ஆட்களும் வருகிறார்கள். காலையில் இருந்த கல் சாயங்காலம் இல்லை. இப்படி ஒரு முறை அடிபட்டவர்களின் மனதில் எழும் கேள்விதான் இது: "லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?"

அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மண்ணூரை ஒட்டிய வளர்புரத்தின் ஊராட்சித் தலைவர், 2023 ஏப்ரலில் ஓர் இரவு, நசரத்பேட்டை அருகே தேசிய நெடுஞ்சாலையில் நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டிக் கொல்லப்பட்டார். அரிவாளும் நாட்டு வெடிகுண்டும் உலவும் இடத்தில் ஒரு மனிதன் தன் உயிருக்குக் காவல் தேடுவது இயல்பு. ஆனால் துப்பாக்கி அந்தக் காவலைத் தருமா?

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகக் கிழக்கே போனால் திருப்போரூர். அதன் அருகே செங்காடு கிராமம். 2020 ஜூலை 11 அன்று, கோயில் நிலத்தின் வழியாகப் பாதை போடுவது பற்றிய தகராறு அங்கே துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒருவர் மீது குண்டு பாய்ந்தது. அப்போதைய திருப்போரூர் தி.மு.க. எம்.எல்.ஏ. இதயவர்மன் மறுநாள் கைது செய்யப்பட்டார். தங்கள் மீது தாக்குதல் நடந்தது, தற்காப்புக்காகவே சுட்டது என்றது அவர் தரப்பு. அந்த வழக்கில் யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது என் வேலையல்ல. நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாதை யாருடையது என்பது தாசில்தார் அலுவலகத்திலும் சிவில் கோர்ட்டிலும் தீர வேண்டிய கேள்வி. துப்பாக்கி வெடித்த நொடியில் அந்தக் கேள்வி காணாமல் போனது. யார் முதலில் அடித்தது, எத்தனை குண்டு, எவ்வளவு தூரம் என்பவையே வழக்காகிவிட்டன.

தற்காப்பு என்ற சொல்லை நம்மில் பலர் போலீஸ் என்கவுன்டர் செய்திகளில்தான் கேட்டிருக்கிறோம். அதனால் அது காக்கிச் சட்டைக்கு மட்டும் உரியது என்றோ, லைசென்ஸோடு சேர்ந்து வருவது என்றோ ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டும் தவறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. வெறுங்கையோடு நிற்பவருக்கும் அது உண்டு. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், தன் சொத்தையும், பிறர் சொத்தையும் காக்கலாம். ஆனால் 37-வது பிரிவு இரண்டு முக்கியத் தடைகளைப் போடுகிறது. அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது.

நிலத் தகராறு பெரும்பாலும் தடுக்கி விழுவது முதல் தடையில்தான். இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் எல்லைப் பிரச்சினையில், போலீசிடம் போக நேரமில்லை என்று எந்த நீதிபதியிடம் சொல்ல முடியும்? கல்லைப் பிடுங்கினான், வேலியை வெட்டினான் என்பதற்காக உயிரை எடுக்க முடியாது. சொத்துக்காக உயிர்போகும் அளவுக்குத் தாக்கலாம் என்று 41-வது பிரிவு அனுமதிப்பது கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. வெறும் திருட்டோ வீட்டுக்குள் அத்துமீறலோ என்றால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும்.

2011 ஜூலை 3 அன்று சென்னையில் ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள் வாதாங்கொட்டை பொறுக்க ஏறிக் குதித்த 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கியைக் கையாள முறையாகப் பயின்றவரின் கதை இது. பயிற்சி குறி தவறாமல் சுடக் கற்றுத் தரும். எதைச் சுடக் கூடாது என்று அந்த நொடியில் அது வந்து சொல்லாது.

சட்டம் கல்நெஞ்சம் கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். உயிருக்கு வாளெடுத்து வரும்போது தராசு வைத்து நிறுத்துத் திருப்பி அடி என்று எந்தக் கோர்ட்டும் சொல்வதில்லை. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1991 ஜூலையில் வயலில் நடந்த மோதல். தன் தந்தையை வெட்டியவரை மகன் துப்பாக்கியால் சுட்டார், சுடப்பட்டவர் இறந்தார். கீழ்க் கோர்ட்டு விடுதலை செய்தது. உயர்நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது. 2010 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்து, தற்காப்புக்கான பத்து நெறிகளையும் வகுத்தது. நியாயமான அச்சம் இருந்தால் போதும், ஆபத்து முழுதாக நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவற்றில் ஒன்று. இந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் வெற்றியாகச் சொல்வார்கள். நான் அதை அந்தக் குடும்பத்தின் பக்கமிருந்து பார்க்கிறேன். நியாயம் தன் பக்கம் இருந்த மனிதனுக்கே அதைக் கையில் வாங்கப் பதினெட்டரை ஆண்டுகள் ஆயின.

இன்னும் இரண்டு சம்பவங்கள், இரண்டும் நம் மாநிலத்தில். 2012-ல் மதுரையில், மகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்கக் கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயை, அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க் பழைய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவின்கீழ் விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டச் சோழவரத்தில், கத்தி முனையில் பலாத்காரம் செய்ய முயன்றவனின் கத்தியையே பிடுங்கிக் குத்திய 19 வயதுப் பெண்ணையும் போலீசார் அதே பிரிவின்கீழ் விடுவித்தனர். இருவரும் ஆயுதம் தேடிப் போகவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள். ஆபத்து அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் இருந்தது. இந்தச் சட்டம் உண்மையில் யாருக்காக இருக்கிறது என்று என்னிடம் கேட்டால், இந்த இரு பெண்களைத்தான் காட்டுவேன்.

தகராறு நடக்கும் இடத்துக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவரின் நிலை வேறு. ஏன் எடுத்து வந்தீர்கள் என்ற கேள்வியிலிருந்தே அவரது வழக்கு தொடங்கும். தற்காப்பு என்று சொல்பவரே அதற்கான சூழலைக் காட்ட வேண்டும். சந்தேகமற நிரூபிக்க வேண்டாம், நம்பத்தக்கதாக இருந்தால் போதும். ஆனால் எதிரில் நின்றவர் கையில் கம்பும் நம்மவர் கையில் துப்பாக்கியும் இருந்தால், அந்த நம்பத்தக்க தன்மையே மெலிந்துவிடும்.

லைசென்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், போலீஸ் அறிக்கை வாங்கிய பிறகே அதிகாரி முடிவெடுப்பார். மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் கெத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. நாட்டுத் துப்பாக்கி உட்பட லைசென்ஸ் இல்லாத எந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலும் பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

நிலத்துக்குக் காவல் வேண்டும் என்பவர் முதலில் எடுக்க வேண்டியது புலப்படமும் வில்லங்கச் சான்றும். அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்து, எதிர்த்தரப்புக்கும் தகவல் சொல்லிக் கல் நட வேண்டும். கல்லைப் பிடுங்கினால் அன்றே புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும். ஆட்களோடு வந்தால் 112-ஐ அழைக்க வேண்டும். அழைத்த நேரம் பதிவாகிறது. இவ்வளவும் செய்துவிட்டு, பிறகும் ஒருவன் அரிவாளோடு மேலே பாய்ந்தால், அப்போது கையில் கிடைத்ததை எடுக்கும் உங்களோடு சட்டம் நிற்கும்.

மனுக்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன என்பது எனக்கும் தெரியும். அளவைக்குப் பணம் கட்டியவருக்கு உரிய காலத்தில் சர்வேயர் வருவதை வருவாய்த் துறை உறுதி செய்ய வேண்டும். தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கக் காட்டிய வேகத்தில் பாதியை இதற்குக் காட்டினாலும் போதும்.

உங்கள் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்து, ஒரு நிலத் தகராறும் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று செய்யுங்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பீர்கள் அல்லவா? அதேபோல இப்போதே ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்த பிறகு திரும்பப் பெறலாம்.