பார்வோனின் பாடலும் 104ஆம் சங்கீதமும்

பேர்சிவல் பாதிரியாரும் நம் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்திலே தமிழாக்கிய விவிலியம் 1850இல் அச்சேறியது. அதிலுள்ள 104ஆம் சங்கீதத்துக்கு எகிப்திலே உறவுப் பாடலொன்று உண்டென்றால் நேயர்கள் வியப்படையலாம்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்நாதன் என்ற பார்வோன் மற்றைய தெய்வங்களை ஒதுக்கி, ஆதன் எனும் சூரிய வட்டத்தை மாத்திரம் போற்றினான். அவன் காலத்துத் துதி, அமர்னாவில் ஆய் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரிலே செதுக்கப்பட்டுள்ளது. இரவில் சிங்கங்கள் வெளிவருகின்றன, விடிந்ததும் மனிதர் வேலைக்குப் புறப்படுகின்றனர், கப்பல்கள் ஓடுகின்றன. சங்கீதத்திலும் இவையே காட்சிகள்.

சிக்மண்ட் பிராய்ட் 1939இல் வெளிவந்த நூலில் இன்னும் ஒருபடி மேலே போனார்: மோசேயே எகிப்தியர், ஆதன் சமயத்தவர் என்றார். 'மோசே' என்ற பெயர், பிறந்தவன் எனப் பொருள்படும் எகிப்தியச் சொல்லோடு ஒத்துப்போவது அவருக்கு வாய்த்த சான்று. எனக்கு இது வெறும் ஊகமாகவே படுகிறது. அக்நாதன் இறந்தபின் அவன் பெயரையே சுரண்டி அழித்தார்கள். மோசேயைக் குறிக்கும் எகிப்தியக் கல்வெட்டு எதுவுமில்லை.

பாடல் பயணப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்கமாட்டேன். எருசலேம் சிற்றரசன் பார்வோனுக்கு விடுத்த களிமண் மடல்கள் அதே அமர்னாவிலே கிடைத்துள்ளன.

ஆயினும் அந்த இரவைக் கவனியுங்கள். எகிப்தியக் கவிக்கு ஆதன் மறைந்த இரவு மரணம் போன்றது. தலைமாட்டுப் பொருளைக் கள்வர் கொண்டுபோனாலும் உறங்குபவர் அறியார். சங்கீதக்காரருக்கோ இருளும் கடவுள் படைத்ததே. அங்கே சிங்கக்குட்டிகள் கர்ச்சித்து, அவரிடமே இரை கேட்கின்றன.