வேரில் ஒளிந்திருக்கும் வில்லன்

மட்டாஞ்சேரிக் கடைகளில் முட்டைக்கோஸ் வாங்குகிறவர்கள் இலையைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். வேர் மலையிலேயே தங்கிவிடுகிறது. பிரச்னையும் அங்கேதான். தோரனுக்காகக் கொச்சிக்கு வரும் கோஸ் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. அதில் ஒரு பகுதி நீலகிரியில் விளைந்து, மேட்டுப்பாளையம் மண்டிகளில் விலைபோய், பாலக்காடு வழியே லாரியில் இறங்குவது.

அந்த மலைத் தோட்டங்களைப் படுத்துவது வேர்வீக்க நோய். 'கிளப் ரூட்' என்றால் தோட்டக்கலை அதிகாரிகளுக்குச் சட்டென்று புரியும். நண்பகலில் செடி துவண்டு தொங்கும். மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சினால் போச்சு, ஈரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். பிடுங்கிப் பார்த்தால் வேர் கிழங்குபோல் பருத்திருக்கும். இந்தக் கிருமியை ரஷ்ய விஞ்ஞானி வோரோனின் 1878-லேயே விவரித்துவிட்டார். அது மட்டும் மசியவில்லை. பருத்த வேர் அழுகும்போது கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கலந்து, 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நாற்று, மண்வெட்டி, செருப்புச் சேறு, மேல் வயலிலிருந்து வழியும் மழைநீர் எதில் வேண்டுமானாலும் பயணிக்கும்.

நோய் கண்ட செடியைத் தேற்ற மருந்து கிடையாது. நாற்றைச் சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள், நோய் வந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்குக் கோஸ் குடும்பமே வேண்டாம் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோஸை நிறுத்திவிட்டுக் காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல் என்று போடுவது பயிர் மாற்றமே அல்ல. எல்லாம் ஒரே வம்சம். வரப்போரக் கடுகுச் செடியும்தான். கேரட், பீன்ஸ், பூண்டு போடலாம். ஆனால் ஒரு வருஷக் குத்தகைக்காரரிடம், அதுவும் கோஸ் விலை ஏறியிருக்கும்போது, மூன்று ஆண்டுக் கணக்கு எடுபடுமா?

சுண்ணாம்பு இன்னொரு வழி. கிருமிக்குப் பிடித்தது புளிப்பு மண். நீலகிரி மண் அப்படிப்பட்டதுதான். சுண்ணாம்பு இட்டு மண்ணின் பி.எச். அளவை 7.2-க்கு உயர்த்தினால் நோய் அடங்கும். அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால்தான் சிக்கல். புளிப்பு குறைந்த மண்ணில் கிழங்குக்குச் சொறி நோய் அதிகம். சொறி பிடித்த கிழங்கை மண்டியில் யார் சீந்துவார்கள்?

செலவில்லாத வேலைகளும் உண்டு. வீங்கிய வேரை அழுகுமுன் பிடுங்கி எரிக்க வேண்டும். மாட்டுக்குப் போட்டால் வித்துகள் சாணத்தோடு வயலுக்கே திரும்பும். இரவல் மண்வெட்டியைக் கழுவிய பிறகே வயலில் இறக்க வேண்டும். முக்கியமாக, கோஸ் விளைந்த இடத்தில் நாற்றங்கால் போடக் கூடாது.