குழி விழும்வரை காத்திருக்க வேண்டாம்

"வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பருவைப் பற்றி வீட்டில் சொல்வது வழக்கம். நெற்றியில் நாலு பரு என்றால் விட்டுப் பிடிக்கலாம். தாடை, கன்னம், முதுகு என்று தொட்டாலே வலிக்கிற கெட்டிக் கட்டிகளாக வந்தால் விடக்கூடாது. அது தோலின் ஆழத்தில் நடக்கும் அழற்சி. ஆறினாலும் குழி விழும். விழுந்த குழியைப் பூசுமருந்து நிரப்பாது.

அழுக்கால் வருவதல்ல

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது எண்ணெய்ச் சுரப்பு பெருகி, மயிர்க்கால் அடைபட்டு, உள்ளே பாக்டீரியா பெருகுகிறது. எனவே தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. மென்மையான சோப்பால் நாளைக்கு இரண்டு வேளை போதும். எலுமிச்சை, பற்பசை வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் உதவும். தலையணை உறையை வெளுத்துவிடும், கவனம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

மெடிக்கல் ஷாப் டியூப்

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். "முகத்துக்கு ஏதாவது கிரீம் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் டியூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. சில நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், முடி வளரும், ஸ்டீராய்டாலேயே பரு வரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். வெகுநாளாகப் பூசுகிறவர்கள் தோல் மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

எப்போது மருத்துவரிடம்?

வலிக்கும் கட்டி, தழும்பு, இரண்டு மூன்று மாதமாகியும் குறையாத பரு என்றால் தாமதிக்காதீர்கள். பெண்களுக்கு மாதவிலக்கு தவறி, தாடையில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனை தேவை. காய்ச்சல், மூட்டுவலியுடன் திடீரென்று புண்ணாகிப் பரவினால் அன்றே போக வேண்டும். பிள்ளை கண்ணாடியைத் தவிர்த்து, கல்லூரிக்குப் போக மறுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை நன்றாகவே கேட்கும். ஆனால் கருவில் இருக்கும் குழந்தையை ஊனப்படுத்தும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம்வரையிலும் கர்ப்பம் கூடாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தோழியின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு போட்டு, பூசிய டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.