மேகசினைக் கழற்றினால் மட்டும் துப்பாக்கி காலியாகாது

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வீட்டிலேயே பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவது அமெரிக்காவில் சாதாரண வேலை. துடைக்காமல் விடுவதும் ஆபத்துதான். வியட்நாம் போரில் எம்-16 ரைஃபிள்கள் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டபோது, 1967இல் அதை ஆராய்ந்த பிரதிநிதிகள் சபைத் துணைக்குழு வெடிமருந்தை மாற்றியதைக் கண்டித்தது. துடைக்கும் கருவியும் பயிற்சியும் போதாமல் இருந்ததும் அப்போது வெளிவந்தது. ஆகவே துப்பாக்கியைத் தொடாமல் வைத்திருங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உயிர் போகும் தவறு பெரும்பாலும் துடைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதன்பின் சட்டத்தால் கிடைக்கும் நிவாரணம் மிகச் சொற்பம்.

இந்த வகை ரைஃபிள் ஒவ்வொரு முறை சுட்டதும் காலி உறையை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில், ஏற்றிக்கொள்ளும். மேகசினைக் கழற்றினாலும் அந்த ஒரு தோட்டா உள்ளேயே இருக்கும். வரிசை மாறினால் இன்னும் மோசம்: மேகசின் இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டால் ஒரு தோட்டா வெளியே விழும், இன்னொன்று உள்ளே ஏறும். விழுந்ததைப் பார்த்தவர் காலியாகிவிட்டது என்றே நினைப்பார். முதலில் மேகசின், பிறகு போல்ட். போல்ட்டைப் பின்னால் பூட்டி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். இருபது வருடப் பழக்கம் இருக்கிறதே என்பார்கள். பழகிய கண், தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும். அதனால்தான் விரலும் வேண்டும். துடைக்காமல் விட்டால் வேறொரு ஆபத்தும் உண்டு: எஸ்கேஎஸ் போன்ற பழைய ரைஃபிளில் ஃபயரிங் பின் ஓடும் துளையில் பழைய கிரீஸ் இறுகியிருந்தால், தோட்டா ஏறி போல்ட் மூடும்போது விசையைத் தொடாமலேயே வெடிக்கலாம்.

குழலிலிருந்து வரும் கரியில் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் துடைத்தால் அது குழந்தையின் வாய்வரை போகும். குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து துடைத்து, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

என் வீடு, என் உரிமை என்பவர்களுக்கு ஒன்று. வீட்டில் துப்பாக்கி வைக்கும் உரிமையை 2008இல் ஹெல்லர் வழக்கில் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பு, விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லும் சட்டங்களைத் தான் செல்லாததாக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறது. சிறுவர்கள் வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைக் கவனிப்பாரின்றி விடுவதானால் அதைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டுப் போட வேண்டும் என்ற சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பாதி வேலையில் வாசலுக்கு எழுந்து போகிறவருக்கும் இது பொருந்தலாம். பூட்டும் கருவியோடுதான் விற்க வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதியோ கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான். ரைஃபிளுக்கான பூட்டை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டோஸ்டரில் குறை இருந்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற வைக்கலாம். துப்பாக்கி மீது அதற்கு அதிகாரம் இல்லை. தயாரிப்புக் குறைபாட்டுக்கு வழக்குப் போட வழி உண்டு, நிரூபிக்கும் சுமை காயம்பட்டவருடையது. ஆகவே ரைஃபிள் தானாக வெடித்தால், அதை நீங்களே பழுது பார்க்காதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, வெடித்த உறையையும் ரைஃபிளையும் அப்படியே பத்திரப்படுத்தி, வரிசை எண்ணோடு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் வழக்கறிஞரையும் சீக்கிரம் பாருங்கள். யாருக்காவது குண்டு பட்டால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி 911ஐ அழையுங்கள். குழந்தை எண்ணெயையோ கரைப்பானையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1-800-222-1222 என்ற நச்சுத் தடுப்பு எண்ணைக் கூப்பிடுங்கள்.