மொட்டை மாடியில் மோட்டார் சைக்கிளுக்குப் புது வர்ணம்

தகப்பனார் ஓட்டிய பழைய புல்லட் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இரண்டு உதை உதைத்தால் கிளம்பிவிடுகிறது. ஆனால் மட்கார்டின் விளிம்பெல்லாம் துரு. பக்கத்துக் கருவிப் பெட்டியில் வர்ணம் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. நாமே சரி செய்துகொள்ளலாம் என்றால், அதற்கு ஒரு ஷெட் வேண்டாமா? இருப்பதோ இரண்டு அறை வாடகை வீடு!

இப்படி யோசித்து ஆசையைக் கைவிட்டவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு நல்ல செய்தி ஒன்றும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஷெட் தேவையில்லை, மொட்டை மாடியே போதும் என்பது நல்ல செய்தி. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் எல்லா வர்ணத்தையும் வீட்டில் அடிக்கக் கூடாது. எதை நாம் செய்வது, எதைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவது என்று பிரித்துக்கொள்வதில்தான் காரியமே இருக்கிறது. அதில் தவறினால் போவது வண்டியின் அழகு மட்டுமல்ல, மூச்சும் போகும்.

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் ஒரு காருக்கு வர்ணம் பூசி உலர்த்த வாரக் கணக்கில் ஆகும். 1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி ‘டூக்கோ’ என்ற விரைவில் உலரும் வர்ணத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வேலை மணிக் கணக்குக்கு இறங்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றைக்கும் ‘டூக்கோ அடிப்பது’ என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1949-ல் இல்லினாய்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த எட்வர்டு சீமோர் என்ற பெயிண்டு வியாபாரி, மனைவி சொன்ன யோசனைப்படி, வர்ணத்தை வாயுவின் அழுத்தத்தோடு டப்பாவில் அடைத்தார். கம்ப்ரெஸரும் ஸ்பிரே கன்னும் இல்லாத சாமானியன் கையிலும் தெளிப்பு வேலை வந்து சேர்ந்தது அந்த டப்பாவினால்தான்.

நாளும் பொழுதும்

வர்ணம் அடிக்கவும் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் வேண்டியதில்லை, வானத்தைப் பார்த்தால் போதும்.

தின்னர் ஆவியாகிப் போகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, தகடு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் உலராத வர்ணத்தின்மேல் பனிபோலப் படிந்துவிடும். கன்னங்கரேலென்று வரவேண்டிய கறுப்பு, சாம்பல் பூத்தாற்போல வெளுத்து நிற்கும். ஆகையால் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தை பிறந்த பிறகு, காலைப் பனி விலகி எட்டு மணிக்குமேல் தொடங்கி, கடற்காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுவது உத்தமம். சித்திரை வெயிலிலும் ஆபத்து உண்டு. தகடு கொதித்தால் வர்ணம் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். நிழலில்தான் அடிக்க வேண்டும்.

தூசிக்கு என்ன செய்வது? பிரிட்ஜோ பீரோவோ வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்று சம்பாதித்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டு, மேலே ஒரு கம்பியைக் குறுக்கே செருகி, பாகத்தைத் தொங்கவிட்டால் அதுவே உங்கள் பட்டறை. சுற்றிலும் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதி அடங்கும். மேல்நிலைத் தொட்டியின் மூடியைச் சாத்திவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்தியிருக்கிறாரா என்றும் பார்த்துவிடுவது நல்லது. சிவப்புப் புள்ளி விழுந்த வெள்ளை வேட்டியோடு வருகிற சண்டையை எந்தத் தின்னராலும் கழுவ முடியாது!

உப்புத்தாளே பாதி வேலை

ஸ்பிரே டப்பாவை அமுக்குவது அரை மணி நேரத்து வேலை. அதற்கு முன் இரண்டு நாள் வேலை இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

பாகத்தைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். பிறகு மண்ணெண்ணெயால் கிரீஸைப் போக்கி, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். துரு உள்ள இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பின், பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போல, இரும்புத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து கடையில் கிடைக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு தடவி, டப்பாவில் சொன்னபடி கழுவிக் காயவிட வேண்டும். துருவின்மேல் வர்ணம் அடித்தால், ஆறு மாதத்தில் அது கொப்பளமாகக் கிளம்பி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

உப்புத்தாளில் எண் குறைவாக இருந்தால் முரடு, கூடினால் மிருது. பழைய வர்ணத்தை எடுக்க 120; மட்டப்படுத்த 220, 320. பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து நிரவி, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் போன போக்கில் வாய்க்கால் விழும். பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு 400, 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால், தடவிப் பார்க்கக் கண்ணாடி போல் இருக்கும்.

பழைய வண்டிக்காரர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கால வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுச் சுவருக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகையால் பழைய வர்ணத்தை உலரத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைச் செய்தித்தாளில் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். துளசிச் செடிக்குப் போகும் தண்ணீரில் அது கலக்க வேண்டாம்.

கடைசியாகத் தின்னர் தொட்ட சுத்தத் துணியால் ஒரு முறை துடைத்தபின் வெறுங்கையால் தொடக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். காரணம் தெரியாமல் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொரு கோளாறு, ஜாதி சேராத வர்ணங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமரின் மேல் டூக்கோ வகை வர்ணத்தை அடித்தால், அதன் தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பித் தோலைச் சுருக்கிவிடும். பிரைமர், வர்ணம் எல்லாம் ஒரே வகையாக வாங்குங்கள். பாகத்தின் உட்புறத்தில் ஓரிடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போவது இன்னும் நல்லது.

எட்டு அங்குலம்

டப்பாவுக்குள் ஒரு குண்டு உருளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். எட்டு முதல் பத்து அங்குல தூரம் விட்டு, பாகத்துக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். ஒரு வரியின் பாதிமேல் அடுத்த வரி விழட்டும். முதல் பூச்சு பனி படிந்தாற்போல் இருந்தால் போதும். அடியில் உள்ளது தெரிகிறதே என்று பதறி அங்கேயே நின்றால் வழிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள். கருவிப் பெட்டி, பாட்டரி மூடி, மட்கார்டு, ஹெட்லைட் கூடு எல்லாம் இந்த வகையில் வீட்டிலேயே அழகாக வந்துவிடும். பிளாஸ்டிக் மூடிகளுக்கு மட்டும் அதற்கென்று உள்ள பிரைமர் தனியாக வாங்க வேண்டும்.

டப்பாவிலிருந்து வருவது வர்ணம் மட்டுமல்ல, எரியக்கூடிய வாயுவும் கூட. அது காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். அடுப்பங்கரைப் பக்கமோ, பூஜை விளக்கு எரிகிற இடத்துக்கு அருகிலோ, ஜன்னல் சாத்திய அறையிலோ வேண்டவே வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. துணி தடுப்பது தூசியை, ஆவியை அல்ல. கரி அடைத்த குப்பி பொருத்திய முகமூடி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாங்க் மட்டும் வேண்டாம்

எல்லோர் கண்ணும் போவது பெட்ரோல் டாங்கின் மேல்தான். அதை வீட்டில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணங்கள்.

சாதாரண ஸ்பிரே வர்ணத்தைப் பெட்ரோல் கரைத்துவிடும். பங்க்கில் நிரப்பும்போது நாலு துளி சிந்தினால் பள்ளம் விழுந்துவிடும். பெட்ரோலுக்குத் தாங்க வேண்டுமானால் கெட்டிப்படுத்தும் மருந்து சேர்த்த ‘டூ-கே’ வகைப் பூச்சு வேண்டும். அந்த மருந்தில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். தெளித்த புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்பு அதற்கு வசப்பட்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். கெடுதல் செய்யும் அளவு வந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாது என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு, அதற்கென்று கட்டிய அறையில் அடிக்க வேண்டிய பூச்சு இது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பட்டம் விடுகிற மாடியில் அடிக்கக் கூடியதல்ல.

இரண்டாவது, காலியான டாங்க் நிறைந்த டாங்கைவிடப் பொல்லாதது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பழைய வர்ணத்தை எடுக்க கிரைண்டர் பிடிப்பதும், சூடு காட்டுவதும் வெடியைக் கையில் பிடிப்பதற்குச் சமம்.

மேலும், 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த புல்லட்டின் டாங்கில் ஓடும் தங்கக் கோடு, கைத்தேர்ந்தவர்கள் தூரிகை பிடித்து ஒரே மூச்சில் இழுத்தது. அந்தக் கை நமக்கு வராது. டாங்கை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நிறத்தை மாற்ற நினைப்பவர்கள், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவுப் புத்தகத்தில் உள்ளதும் வண்டியும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதே நிறம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின் மீது மட்டும் உப்புத்தாளோ பட்டியோ படவே கூடாது.

அடித்து முடித்த பாகம் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. அதை நம்பி மாலையிலேயே பூட்டிவிடாதீர்கள். உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். போல்ட்டை முறுக்கினால் வாஷர் வர்ணத்தைச் சுருட்டிக்கொண்டு வரும். ஒரு வாரம் தொங்கட்டும். பிறகு ரப்பர் வாஷர் கொடுத்துப் பூட்டுங்கள். மெழுகுப் பாலிஷ் ஒரு மாதம் கழித்துத்தான்.