உணவுக்குழாயின் அடிப்பகுதியில் தோன்றும் பை: கண்டறிதலும் அறுவை சிகிச்சையும்

இரவு உண்ட சோறு, காலையில் எழும்போது தலையணையில் கிடக்கிறது. புளிப்போ கசப்போ இல்லை. உண்டபோது இருந்தபடியே இருக்கிறது. விழுங்கியது நெஞ்சுக்குள் நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது; ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேவைப்படுகிறது. இத்தகைய தொல்லைகளை 'வாயுக் கோளாறு' என்று கருதி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கி உட்கொண்ட பின்னரே பலர் எங்களிடம் வருகின்றனர். அதற்குள் உடல் எடையும் குறைந்துவிடுகிறது. இவர்களுள் சிலருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் பை போன்ற பிதுக்கம் ஒன்று காணப்படுகிறது. மருத்துவத்தில் இது 'எபிஃப்ரெனிக் டைவர்டிகுலம்' எனப்படும். இது அரிதாகவே காணப்படும் நோய். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது.

பை எவ்வாறு உருவாகிறது?

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது இரைப்பையுடன் சேருமிடத்தில் வால்வு போன்ற தசை வளையம் உள்ளது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அவ்வாறு தளராவிட்டாலோ, குழாயின் தசைகள் ஒழுங்கின்றி இறுகினாலோ, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் தசைச்சுவரின் நலிந்த இடத்தைக் கண்டுபிடித்து, உட்படலத்தை வெளியே பிதுக்கிவிடுகிறது. உதரவிதானத்துக்குச் சற்று மேலே, குழாயின் கடைசி 10 செ.மீ. பகுதிக்குள் இப்பை தோன்றும்.

நம் பகுதி விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது கீழ் மதகின் ஷட்டர் திறக்காமல் கிடந்தால், மேலே நலிந்த கரைதான் முதலில் உடையும். உடைந்த கரையை மட்டும் அடைத்துவிட்டு ஷட்டரை அப்படியே விட்டால் மீண்டும் உடையும். இந்நோயிலும் பை ஒரு விளைவே; காரணம் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது.

என்னென்ன பரிசோதனைகள்?

நெஞ்சுவலி இருந்தால், அது இதயத்தால் வந்ததன்று என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் மூன்று பரிசோதனைகள் முக்கியமானவை.

பேரியம் எக்ஸ்ரே: வெண்ணிற மருந்துக் கரைசலை விழுங்கச் செய்து எக்ஸ்ரே எடுக்கப்படும். பையின் இடம், அளவு, அதன் வாய் ஆகியவை இதில் தெளிவாகத் தெரியும்.

எண்டோஸ்கோபி: உட்படலத்தைப் பார்த்து, புற்றுநோயோ புண்ணோ இல்லை என்று அறிவதற்காகச் செய்யப்படுகிறது. பையில் பழைய உணவு தேங்கியிருக்கக்கூடும் என்பதால், ஓரிரு நாள் முன்பிருந்தே நீராகாரம் மட்டும் அருந்தச் சொல்வோம்.

மேனோமெட்ரி: மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் செய்து, தசைகளின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை. மயக்க மருந்து தேவையில்லை. சற்று அசௌகரியமாக இருக்கும். "பைதான் எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டதே, இது எதற்கு?" என்று பலர் கேட்கின்றனர். பையைக் காட்டுவது எக்ஸ்ரே. பை ஏன் வந்தது என்று சொல்வது மேனோமெட்ரி.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா?

வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரிந்த, தொல்லை தராத சிறு பையைக் கண்காணித்தாலே போதும். விழுங்க இயலாமை, உணவு எதுக்களித்தல், எடை குறைதல் ஆகியவை இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிச் சிந்திக்க வேண்டும். இரவில் உணவு மூச்சுக்குழாயில் புகுந்து இருமலும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருவோர் காலம் தாழ்த்தக் கூடாது.

பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோபி முறையில் இது செய்யப்படுகிறது. பை மிக மேலே இருந்தால் மார்பின் வழியாகச் செல்ல நேரிடும். பையைப் பிரித்தெடுத்து ஸ்டேப்ளரால் மூடி அகற்றுவர். பின்னர், இறுகிய தசையை நீளவாக்கில் கீறித் தளர்த்துவர். ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913இல் முதன்முதலாகச் செய்த முறையின் வழிவந்தது இது. தசை தளர்ந்தபின் இரைப்பை அமிலம் மேலேறாதிருக்க, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி ஓரளவு மடித்துத் தைப்பர். பை சிறியதாயின், அதை அகற்றாமல் தசையை மட்டும் தளர்த்துவதும் உண்டு.

இது எளிய அறுவை சிகிச்சையன்று. பையை அகற்றிய இடத்தில் கசிவு ஏற்படுவதே முதன்மையான ஆபத்து. கீழே அடைப்பு நீங்காவிட்டால் அவ்வாபத்து கூடும். பை மீண்டும் வரவும் கூடும். ஆகவே, இத்துறையில் பயிற்சியுள்ள குழுவினரிடம் செய்துகொள்வதே நலம். காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், முன்னதாகவே காப்பீட்டு உதவி மையத்தில் விவரம் கேட்டறிக.

உறவினர் கவனத்துக்கு

அறுவை சிகிச்சைக்கு முன், உணவு எதுக்களிக்கும் தொல்லையை மயக்க மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். பின்னர், கசிவு இல்லை என்று உறுதியான பிறகே நீராகாரம் தொடங்கும். அடுத்து கஞ்சி, அதன்பின் குழைந்த சோறு. பாசத்தால் முன்கூட்டியே எதையும் ஊட்டிவிடாதீர்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், வீடு திரும்பிய பின்னராயினும், அன்றே வாருங்கள்.

சிகிச்சைக்குக் காத்திருப்போர் உணவைச் சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ண வேண்டும். இரவு உணவை மூன்று மணி நேரம் முன்னதாகவே முடித்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் இதைக் கேளுங்கள்: "பை இருக்கிறது என்கிறீர்கள், அது ஏன் வந்தது என்று பார்த்துவிட்டீர்களா?"